ஷூ வாங்கப் போனால் அகலத்தைப் பாருங்கள்

விடியற்காலையில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சாலைகளில் ஓடும் இளைஞர்களில் நிறையப் பேர் தொப்பையைக் குறைக்க ஓடுகிறவர்கள் அல்ல, வேலைக்காக ஓடுகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் ஆண்களுக்குக் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி வருகிறது. சென்னையில் மாரத்தான் ஓடிவிட்டுப் பதக்கத்தோடு படம் போடுகிறவர்களில் பலருக்கு இந்த வேகம் எட்டாது. அந்த ஏழு நிமிடத்தில் கால் ஏறத்தாழ 1,200 தடவை தரையில் இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசையை வாங்கிக்கொள்கிறது.

அப்படி ஓடுகிறவர் ஷூ வாங்கப் போனால் முதலில் காதில் விழும் அறிவுரை, "உங்க பாதம் எந்த டைப்புன்னு பார்த்துட்டு வாங்குங்க" என்பது. கடைக்காரர் சொல்வார், யூடியூப் சொல்லும், கூட ஓடும் சீனியர் சொல்வார். அதற்கு ஒரு சோதனையும் உண்டு. காலை நனைத்துச் சிமென்ட் தரையிலோ பழைய செய்தித்தாளிலோ ஒரு முறை அழுத்தி வைத்து எடுக்க வேண்டும். உள்ளங்கால் முழுசாகப் பதிந்தால் தட்டைப் பாதம். குதிகாலையும் முன்பாதத்தையும் இணைத்துப் பாதி அகலத்துக்கு ஒரு பட்டை தெரிந்தால் சாதாரணப் பாதம். இரண்டும் தனித்தனியாக, நடுவில் ஈரமே இல்லாமல் பதிந்தால் உயர்ந்த வளைவு. தட்டைக்கு 'மோஷன் கன்ட்ரோல்' ஷூ, சாதாரணத்துக்கு 'ஸ்டெபிலிட்டி', உயர்ந்த வளைவுக்குக் 'குஷன்'.

இதன் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஓடும்போது குதிகாலின் வெளிப்புறம் முதலில் தரையைத் தொட, பிறகு பாதம் உட்பக்கமாகச் சாய்கிறது. இதைத்தான் ப்ரொனேஷன் என்கிறார்கள். தட்டைப் பாதம் அளவுக்கு மீறிச் சாயும், அதனால் கணுக்காலும் முழங்காலும் திருகும், ஆகவே ஷூவின் உட்புறத்தில் கெட்டியான ஃபோம் வைத்துச் சாய்வைத் தடுக்க வேண்டும். உயர்ந்த வளைவுள்ள பாதமோ போதுமான அளவு சாயாது, அதிர்ச்சியை உள்வாங்காது, ஆகவே மெத்தென்ற ஷூ வேண்டும். சுமார் நாற்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க ஓட்ட ஷூ இப்படித்தான் விற்கப்படுகிறது. மூன்று பாதம், மூன்று ஷூ, மூன்று விலை. அட்டவணையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சான்றுதான் இல்லை.

சான்று தேடாமலும் இல்லை. அமெரிக்க ராணுவம் தேடியது. புதிதாகச் சேர்பவர்கள் பயிற்சியில் காலை உடைத்துக்கொள்வது அவர்களுக்குப் பெரிய செலவு. ஜோசப் நேப்பிக் என்ற ஆய்வாளரின் குழு தரைப்படை, விமானப்படை, மரைன் ஆகிய மூன்று பிரிவுகளிலும் ஆயிரக்கணக்கான புதியவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தது. ஒரு கூட்டத்துக்குப் பாத வடிவத்தைப் பார்த்து அதற்கேற்ற ஷூ. இன்னொரு கூட்டத்துக்கு, பாதம் எப்படி இருந்தாலும், ஒரே வகை ஸ்டெபிலிட்டி ஷூ. 2009, 2010-ல் முடிவுகள் வெளிவந்தன. காயமடைந்தவர்களின் விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் ஏதும் இல்லை.

டென்மார்க்கில் இன்னும் நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். ஓடவே தொடங்காத 927 பேருக்குப் பாதத்தை அளந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரியான, எந்தத் தடுப்பும் இல்லாத ஷூவைக் கொடுத்து ஓராண்டு ஓடவிட்டார்கள். அட்டவணைப்படி தட்டைப் பாதக்காரர்கள்தான் முதலில் நொண்டியிருக்க வேண்டும். நடக்கவில்லை. 2014-ல் வெளியான அந்த ஆய்வில், ஓடிய ஆயிரம் கிலோமீட்டருக்கு இத்தனை காயம் என்று கணக்கிட்டபோது, உட்புறம் சாயும் பாதத்துக்காரர்கள் 'சாதாரண'ப் பாதக்காரர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தார்கள். கனடாவில் அரை மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 81 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், எந்தப் பாதத்துக்கு மோஷன் கன்ட்ரோல் ஷூ அவசியம் என்று சொல்லப்பட்டதோ, அந்தப் பாதத்தோடு அந்த ஷூவை அணிந்த அத்தனை பேரும் வலி என்று வந்து நின்றார்கள். ஆட்கள் குறைவுதான், இருந்தாலும் வேடிக்கை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 2016-ல் லக்சம்பர்க்கில் 372 பேரிடம் ஆறு மாதம் நடந்த சோதனையில், உட்புறம் சாயும் பாதத்துக்காரர்களுக்கு மோஷன் கன்ட்ரோல் ஷூ கொஞ்சம் பாதுகாப்புத் தந்தது. ஆகவே அந்த ஷூ முழு மோசடி என்று சொல்வதற்கில்லை. ஆனால் 2022-ல் காக்ரேன் அமைப்பு, 11,240 பேர் பங்கேற்ற 12 சோதனைகளைச் சேர்த்துப் படித்தபோது, பாத வகை பார்த்து ஷூ கொடுப்பதால் காயம் குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் முடித்தது.

தர்க்கம் எங்கே சறுக்கியது? ஈரக்கால் தடம் என்பது அசையாமல் நிற்கும் காலின் படம். தோலும் கொழுப்பும் தரையை எங்கே தொட்டன என்பதைக் காட்டும். ஓடும்போது உள்ளே 26 எலும்பும் 33 மூட்டும் என்ன செய்கின்றன என்பதைக் காட்டாது. பாதம் உட்பக்கம் சாய்வதும் நோய் அல்ல. அதிர்ச்சியை வாங்கிச் சிதறடிக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடுதான் அது. 1987-ல் பிரிட்டனின் மெக்நீல் அலெக்சாண்டர் குழு, நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்ட பாதங்களை எந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்து, ஒவ்வொரு அடியிலும் புழங்கும் ஆற்றலில் சுமார் 17 விழுக்காட்டை உள்ளங்கால் வளைவு நீண்டு சேமித்து, திரும்பக் கொடுக்கிறது என்று கண்டது. வளைவு இறங்கினால்தான் இந்தச் சேமிப்பு நடக்கும். அதை இறங்கவிடாமல் முட்டுக்கொடுப்பது எப்போதும் நல்லது என்று எப்படிச் சொல்ல முடியும்?

போதாததற்கு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த வளைவு பாதத்தின் ஒரே வளைவும் அல்ல. குதிகாலிலிருந்து முன்பாதம் வரை நீளவாக்கில் ஓடுவது ஒன்று. பாதத்தின் நடுவில் குறுக்குவாக்கில், உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்குப் போவது இன்னொன்று. ஒரு பத்து ரூபாய்த் தாளின் முனையைப் பிடித்து நீட்டினால் அது தொங்கிவிடும். அகலவாக்கில் லேசாக வளைத்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். பாதத்தின் குறுக்கு வளைவு செய்வது அதைத்தான் என்று யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசன் குழு 2020-ல் 'நேச்சர்' இதழில் காட்டியது. பாதத்தின் நீளவாட்ட விறைப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் இந்தக் குறுக்கு வளைவிலிருந்து வருகிறது. ஈரத் தடத்தில் இது பதியவே பதியாது. தடம் தட்டையாக இருந்தும் சிலர் சிறுத்தை மாதிரி ஓடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தட்டைப் பாதம் பற்றிய பயம் நம் பக்கத்தில் ஷூக் கடையோடு நிற்பதில்லை என்பதால் அதைப் பற்றி இன்னும் கொஞ்சம். மத்திய ஆயுதப் படைகளின் தேர்வு அறிவிப்புகளில் தட்டைப் பாதம், முழங்கால் ஒட்டுதல், நரம்புச் சுருட்டல் எல்லாம் தகுதிக் குறைவு என்று போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, ஈரக்கால் தடத்தைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்கும் பையன்கள் உண்டு. அவர்கள் இன்னொரு சோதனையையும் செய்து பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க வேண்டும். அப்போது உள்ளங்காலில் வளைவு எழுந்து தெரிந்தால், அது நெகிழ்வான தட்டைப் பாதம். பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இதுதான். வலி இல்லாதவரை தொந்தரவும் இல்லை. ராணுவ அதிகாரிகள் தேர்வுக்கான மருத்துவ விதியே, நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்ப வருமானால், பாதம் வளைந்துகொடுத்து வலியின்றி ஓட முடியுமானால், ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. நுனிக்காலில் நின்றும் வளைவு வராத, விறைத்த, வலிக்கிற பாதம் வேறு. அதை எலும்பு மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

தட்டைப் பாதம் எப்படி வருகிறது என்பதில் நம் நாட்டு ஆய்வு ஒன்று உலகப் புகழ்பெற்றது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை எடுத்தார்கள். 1992-ல் வெளியான முடிவு: காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்த குழந்தைகளில் 2.8. அதிலும் விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. பிறகு பெரியவர்களிடம் ஆராய்ந்தபோது, ஆறு வயதுக்கு முன்பே ஷூ அணியத் தொடங்கியவர்களிடம் தட்டைப் பாதம் கூடுதலாகத் தெரிந்தது. எல்.கே.ஜி. குழந்தைக்குக் கறுப்பு ஷூவும் டையும் கட்டாயம் என்று வைத்திருக்கும் பள்ளிகள் இந்த ஆய்வைப் படித்தால் நல்லது. படிக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டவுடன் சிலருக்கு அடுத்த எண்ணம் ஓடும்: அப்படியானால் ஷூவே வேண்டாமே! கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வெறுங்காலில் ஏறி இறங்கியவர்கள் நம் கண்முன் இருக்கிறார்களே! சராசரியாக 2,700 அடி உயரமுள்ள சின்னக் கல்வராயனிலும் அதைவிட உயரமான பெரிய கல்வராயனிலும், சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் விறகும் சுமந்து, மலையாளிப் பழங்குடி மக்கள் ஒற்றையடிப் பாதைகளில் நடந்த நடைக்குக் கணக்கில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வாங்கினார். கொடுத்த ஷூக்களில் எதுவும் காலுக்குச் சரியாக உட்காரவில்லை, அதனால்தான் கழற்றி வைத்தார் என்று சொல்வார்கள். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்தே ஓடினார், அங்கும் தங்கம்.

ஆனால் பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடந்து தடித்த பாதமும், இருபது வருடம் செருப்பிலும் பைக்கிலும் கழித்த பாதமும் ஒன்றல்ல. 2010-க்குப் பிறகு அமெரிக்காவில் வெறுங்கால் ஓட்டம் ஒரு மோகமாகவே பரவியது. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த மெல்லிய ஷூக்கள் பிய்த்துக்கொண்டு விற்றன. பழக்கப்பட்ட ஓட்டக்காரர்களைப் பத்து வாரத்தில் அந்த ஷூவுக்கு மாற்றிப் பார்த்த ஆய்வில், மாறியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பாத எலும்புக்குள் நீர்க்கோப்பு எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது, எலும்பு முறிவுக்கு முந்தைய எச்சரிக்கை அது. ஷூ நிறுவனமான வைப்ரம், நிரூபிக்க முடியாத ஆரோக்கியப் பலன்களைச் சொல்லி விற்றதாக வந்த வழக்கை 2014-ல் 37.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. மலையில் வெறுங்காலில் நடந்தவர்களும் ஆரோக்கியத்துக்காக அப்படி நடக்கவில்லை, செருப்பு வாங்க வழியில்லாமல் நடந்தார்கள். முள் குத்தியது, கல் கிழித்தது, ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு தோல் வழியாக ஏறி ரத்தத்தைக் குடித்தது. அதை அழகாக்கிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

சரி, வகையும் வேண்டாம், வெறுங்காலும் வேண்டாம் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? என் பதில்: அகலம். நம் ஊர்க் கடைகளில் யாரும் அளக்காத அளவு அதுதான்.

நாம் 7, 8, 9 என்று கேட்டு வாங்குவது பிரிட்டிஷ் அளவு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர் நீளம் கூடுகிறது. நீளம் மட்டும்தான் எண்ணில் இருக்கிறது. அகலத்தை ஷூ தைக்கப் பயன்படும் 'லாஸ்ட்' என்ற கால் அச்சு தீர்மானிக்கிறது. அந்த அச்சு யாருடைய காலைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதுதான் கேள்வி. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில், 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலம் என்பது தெளிவாகத் தெரிந்தது. குறுகலான அச்சில் தைத்த ஷூ பக்கவாட்டில் இறுக்குவதால், நம்மவர்கள் தேவைக்கு மேல் ஒரு எண் பெரிதாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது.

பெரிதாக வாங்கினால் என்ன கெடுதல் என்று தோன்றும். ஷூ வளைய வேண்டிய இடம் காலின் விரல் மூட்டுக்கு நேராக வராமல் முன்னே தள்ளிப்போகிறது. குதிகால் உள்ளே ஏறி இறங்கி உராய்ந்து கொப்புளம் கட்டுகிறது. அதை நிறுத்த லேஸை இழுத்துக் கட்டினால் மேற்பாதம் மரத்துப்போகிறது. சுண்டுவிரல் ஓரத்தில் ஆணி, பெருவிரல் மூட்டில் புடைப்பு, நகம் கறுத்துப்போவது என்று ஓடுகிறவர்கள் சொல்லும் புகார்களில் பலவற்றுக்கு மூலம் இங்கே இருக்கிறது. 'பாத வகை'யை இதற்குக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

தோல் ஆராய்ச்சி நிறுவனம் அளந்ததோடு நிற்கவில்லை. 'பா' என்ற பெயரில், பாரதத்தின் முதலெழுத்தை வைத்து, இந்தியாவுக்கென்று தனி அளவு முறையைப் பரிந்துரைத்தது. பச்சைக் குழந்தை தொடங்கி வளர்ந்த ஆண்கள்வரை எட்டுப் பிரிவுகள். பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதையொட்டியும், ஆண்களுக்கு 15, 16 வயதையொட்டியும் உச்சம் தொடுகிறது என்பதையும் அந்தக் கணக்கெடுப்பு சொன்னது. 2024-ல் இந்தச் செய்தி வந்தபோது அடுத்த ஆண்டே 'பா' அளவுக் காலணிகள் வரும் என்று பேசப்பட்டது. ஷூக் கடைகளில் இன்னும் ஆட்சி செய்வது பிரிட்டிஷ் எண்தான்.

இதை எழுதும்போது உளுந்தூர்ப்பேட்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உலகின் பெரிய பெரிய விளையாட்டு ஷூ நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் தைவானின் பௌ சென் குழுமம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள உளுந்தூர்ப்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாயில் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலை அமைக்க 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை, பெரும்பாலும் பெண்களுக்கு என்றார்கள். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் தவிர வேறு பிழைப்பு அதிகமில்லாத மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் ஏற்றுமதிக்கென்று வரும் ஆர்டருக்கு அச்சும் அங்கிருந்துதானே வரும். சின்னசேலத்துப் பெண் தைக்கும் ஷூ சின்னசேலத்துக் காலுக்குப் பொருந்துமா என்று ஒப்பந்தத்தில் யாராவது கேட்டிருப்பார்களா?

கடையில் நாம் கேட்கலாம். சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்று நடந்தபின் பாதம் சற்று உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் ஆகும். ஓடும்போது போடும் அதே சாக்ஸை எடுத்துக்கொண்டு போங்கள். ஷூவைக் காலில் மாட்டுமுன் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய இன்சோலை உருவி வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் ஏறி நில்லுங்கள். இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டு நிற்க வேண்டும். குனிந்து பாருங்கள். சுண்டுவிரல் பக்கமோ பெருவிரல் மூட்டுப் பக்கமோ சதை இன்சோலைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூ எத்தனை அழகாக இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடி போட்டிருந்தாலும், உங்களுக்கானது அல்ல. எண்ணைக் கூட்டாதீர்கள், வேறு மாடல் கேளுங்கள். சில நிறுவனங்கள் ஒரே எண்ணில் '2இ', '4இ' என்று அகல வகைகளையும் போடுகின்றன. பெண்களுக்கான ஷூக்கள் பொதுவாக இன்னும் குறுகலான அச்சில் வருவதால், அகலப் பாதமுள்ள பெண்கள் அதே நீளத்தில் ஆண்கள் மாடலைப் போட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அகலம் சரியானால், பிறகு நீளம். நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், பெருவிரல் அல்ல. இரண்டு காலும் ஒரே அளவு இருக்காது என்பதால் பெரிய காலுக்கு வாங்குங்கள். பிறகு கடைக்குள்ளேயே, கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, நாலு அடி ஓடிப் பாருங்கள். "போடப் போட லூஸாகிடும் சார்" என்பதை நம்ப வேண்டாம். தோல் செருப்புக்கு அது சரி. ஓட்ட ஷூ முதல் நாளே சுகமாக இருக்க வேண்டும். இது வெறும் அனுபவப் பேச்சு அல்ல. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் என்ற அறிஞரின் குழு 206 ராணுவத்தினரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆறு வகை இன்சோல்களைக் கொடுத்து, எது சுகமோ அதை வைத்துக்கொள்ளச் சொன்னது. ஆளுக்கு ஆள் தேர்வு வேறுபட்டது. தேர்ந்தவர்களுக்கு, மற்றவர்களைவிடக் காயம் குறைவாக இருந்தது. பாதத்தின் சுகமே நல்ல வழிகாட்டி என்பது 2015 முதல் நிக் வைக்கும் வாதம்.

விலை? ஸ்காட்லாந்தின் டண்டீயில் 2008-ல் மூன்று நிறுவனங்களின் மலிவு, நடுத்தர, உயர்விலை ஷூக்களை அணியவைத்து உள்ளங்கால் அழுத்தத்தை அளந்தார்கள். விலை ஏற ஏற அழுத்தம் குறையவில்லை. ஆக, பத்தாயிரம் ரூபாய் ஷூ இல்லையே என்று காவலர் தேர்வுக்குப் படிக்கிறவர் கவலைப்பட வேண்டாம். 2025 செப்டம்பரிலிருந்து 2,500 ரூபாய்க்கு உட்பட்ட காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடுதான் என்பதும் ஒரு சின்ன ஆறுதல். ஆனால் சோல் மரக்கட்டையாக இருக்கும் கேன்வாஸ் ஷூவில் தார்ச்சாலையில் தினமும் ஓடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 848 பேரிடம் நடந்த 2020-ஆம் ஆண்டு சோதனையில் கெட்டியான ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் அதிகம் என்று தெரிந்தது. துவைத்த ஷூவைக் கொளுத்தும் வெயிலில் காயப்போடவும் வேண்டாம். ஃபோமும் பசையும் கெட்டுப்போகும். நிழலில், செய்தித்தாளைத் திணித்து உலர்த்தினால் போதும். 500 முதல் 800 கிலோமீட்டரில் ஃபோம் செத்துவிடும் என்பது பொதுக்கணக்கு. மேலே பளபளவென்று இருந்தாலும் உள்ளே உயிர் இருக்காது.

நல்ல ஷூ இருந்தும் கால் போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ஷூவில் இல்லை. தேர்வு அறிவிப்பு வந்த மறுநாள், அதுவரை கிரிக்கெட்டைத் தவிர எதற்கும் ஓடாதவர் தினம் ஐந்து கிலோமீட்டர் என்று ஆரம்பிக்கிறார். மூன்றாவது வாரத்தில் முன்னங்கால் எலும்பு ஓரமாக வலி எடுக்கிறது. நுரையீரல் வாரக்கணக்கில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். இதற்கு எந்தக் கம்பெனியும் ஷூ தயாரிக்கவில்லை.

சுகத்தை நம்பு என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, அது நம் ஊரில் சின்ன விலக்கு அல்ல. சர்க்கரை நோய் பல ஆண்டு இருந்து பாத நரம்பு மங்கியவர்களுக்குச் சுகமும் தெரியாது, வலியும் தெரியாது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலு அடி நடந்துவிடுவார்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் எப்படி வருகிறது என்பதை உலகத்துக்கு விளக்கியவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். அவருடைய தாய் ஈவ்லின் பிராண்ட், முதுமையில் மட்டக்குதிரை மேல் கல்வராயன் மலைக் கிராமங்களில் சுற்றி மருத்துவம் பார்த்தவர். தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது கிருமி தின்பதால் அல்ல. வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் என்று பிராண்ட் கண்டார். அதற்காக வந்த மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவமனைகள் தரும் எம்.சி.ஆர். செருப்பு. பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை இருப்பவர்கள் நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்குமுன், மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். புது ஷூ போட்டால் அரை மணிக்கொரு தடவை கழற்றிப் பாதம் சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைப் பாதையில் ஓடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. ஏற்றத்தில் எந்த ஷூவும் சமாளிக்கும், மூச்சுதான் வாங்கும். சோதனை இறக்கத்தில். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் ஷூவுக்குள் முன்னே வழுக்கி விரல் நுனி இடிக்கிறது. அடிவாரம் வந்து சேர்வதற்குள் பெருவிரல் நகத்துக்குக் கீழே ரத்தம் கட்டிவிடும். நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். ஷூவில் கணுக்காலுக்கு அருகே, மற்றவற்றிலிருந்து சற்றுப் பின்தள்ளி, ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அந்த ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் சின்ன வளையமாக நிறுத்துங்கள். வலது லேஸை இடது வளையத்திலும் இடது லேஸை வலது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் கவ்விக்கொள்ளும், விரலுக்கு முன்னால் விட்ட இடம் இறக்கம் முழுக்க அப்படியே இருக்கும்.